பீட்டர் என்கிற இராயப்பன்

வீட்டுக் கடன் பிரிவுக்கு மாற்றலாகி வந்திருக்கும் உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருந்தீர்கள்: மனுவோடு வருபவரிடம் முதலில் எதைக் கேட்க வேண்டும், சம்பளத்தையா, வயதையா, ஏற்கெனவே இருக்கும் கடன்களையா என்று. அவற்றையெல்லாம் இன்று கணினி உங்களைக் காட்டிலும் விரைவாகக் கேட்டுவிடும். நான் பணியில் இருந்தவரை முதலில் கேட்டது வேறொன்று: "முன்பணம் கொடுத்துவிட்டீர்களா?" அதற்கு "ஆமாங்க" என்று பதில் வந்தால், எதிரே அமர்ந்திருப்பவருக்கு நிதானமாக யோசிக்கும் காலம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பொருள். அவருக்காக யோசிக்கும் பொறுப்பு அந்தக் கணத்திலிருந்து உங்களுடையது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பிடித்துப்போகிறது. நல்ல நாள் பார்த்துத் தாம்பூலத் தட்டில் பணத்தை வைத்து நீட்டுகிறார்கள். பத்திர எழுத்தர் கிரய ஒப்பந்தம் எழுதுகிறார். குறித்த நாளுக்குள் மீதித் தொகையைத் தராவிட்டால் முன்பணம் திரும்பாது என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். சொத்தின் உரிமையில் குறை தெரியவந்தால் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற வரி மட்டும் இருக்காது. அதை எழுதச் சொல்ல வாங்குபவருக்குக் கூச்சம். மங்கலமான நேரத்தில் அப்படியொரு பேச்சை எடுப்பானேன் என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் பிறகே வங்கிக்கு வருகிறார்கள்.

கலைவாணியும் முருகவேலும் அப்படித்தான் வந்தார்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, திண்டிவனம் கிளையில் இருந்த காலம் அது. கலைவாணி மயிலத்துக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். அவள் கணவன் முருகவேலுக்குச் செங்கல்பட்டுப் பக்கத்தில் தொழிற்சாலை வேலை. நிறுவனப் பேருந்தில் போய்வருபவன். இருவரும் என் பிள்ளைகள் வயது. முன்பணத்துக்காக அவளுடைய நகைகளை விற்றிருந்தார்கள். போதாததற்கு அவன் பெயரில் ஒரு தனிநபர் கடனும் வாங்கியிருந்தார்கள்.

"முதல்லயே இங்கே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"வேற ஆளு வந்து நிக்குது, இன்னிக்கே முடிச்சுடுங்கன்னு தரகர் சொன்னாரு மேடம்" என்றாள்.

அந்த வேற ஆளை நம் பணிக்காலத்தில் நாம் ஒருவரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் அவருக்குப் பயந்து கொடுக்கப்பட்ட முன்பணங்களை நாள்தோறும் பார்ப்போம்.

வீடு, திண்டிவனத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது. விற்பவர் ஆரோக்கியராஜ், மின் வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர். தாயும் தந்தையும் காலமாகிவிட்டார்கள். அவர் ஒரே பிள்ளை. பட்டா அவருடைய தந்தை பீட்டரின் பெயரில் இருந்தது. மூலப் பத்திரத்திலோ வீட்டை வாங்கியவர் 'சூசை மகன் இராயப்பன்' என்று இருந்தது.

இது நம் பக்கத்துக்குப் புதிதன்று. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பீட்டர்தான் இராயப்பர், ஜோசப்தான் சூசையப்பர். ஞானஸ்நானத்தில் ஒரு வடிவம், பள்ளியில் ஒரு வடிவம், வீட்டில் கூப்பிட ஒரு வடிவம் என்று ஒரே மனிதர் ஒரே புனிதரின் பெயரைப் பலவாறு சுமந்திருப்பார். பீட்டரின் தந்தை பெயர் ஜோசப். ஆகவே 'ஜோசப் மகன் பீட்டர்' என்பதும் 'சூசை மகன் இராயப்பன்' என்பதும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. ஒப்பந்தம் எழுதியவர் நடுவில் ஒரு சொல்லை வைத்து இரண்டையும் இணைத்தார்: 'பீட்டர் என்கிற இராயப்பன்'. இரண்டும் ஒரே பெயர்தான் என்று மாதா கோயில் பங்குத் தந்தை கடிதம் தந்தார். வங்கியின் வழக்கறிஞர் அதை ஏற்று, உரிமையில் குறையில்லை என்று கருத்துரை வழங்கினார். கடன் அனுமதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையோடு ஒப்பந்தக் கெடு முடிகிறது. வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. வரைவோலை எடுப்பது ஒன்றே பாக்கி.

பணம் கொடுப்பதற்கு முன்பு அந்த வீட்டுக்குள் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கம். மதிப்பீட்டாளர் சுவரைப் பார்ப்பார். நான் அங்கிருப்பவர்கள் பேசுவதைக் கேட்பேன். அதற்காகத்தான் வியாழக்கிழமை மாலை போனேன். கலைவாணியும் வந்திருந்தாள். சமையலறையில் கயிறு பிடித்து எதையோ அளந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, கிரைண்டர் இங்க வெச்சா பிளக்கு எட்டாது போலயே" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"எட்டாட்டி இன்னாம்மா, புதுசா ரெண்டு பாயிண்டு இழுத்துத் தரேன். வூட்டையே குடுக்கிறேன், ஒயருக்கா உன்கிட்ட காசு கேக்கப் போறேன்?" என்றார் ஆரோக்கியராஜ். என் கையில் தண்ணீர்க் குவளையைத் தந்துவிட்டு எதிரே அமர்ந்தார். "ராசியான வூடு மேடம் இது. விக்கிறதுக்காக சொல்லல. எங்கப்பா பொறந்ததே அதோ, அந்த ரூம்லதான். ஆஸ்பத்திரிக்கு வண்டி கொண்டாறதுக்குள்ள பொறந்துட்டாராம். அவ்ளோ ஜல்தி அவருக்கு."

குவளை என் வாயருகே நின்றுவிட்டது.

"இது உங்க அப்பா வாங்கின வீடுதானே?"

"ஆமாங்க. பத்திரத்துலயே கீதே."

"அப்போ அவர் பிறந்த சமயத்துல உங்க குடும்பம் இங்கே வாடகைக்கு இருந்துதா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "வாடகையா? நல்லா கேட்டீங்க போங்க! எங்க குடும்பம் எந்தக் காலத்துல மேடம் வாடக வூட்டுல குந்திச்சு? எப்பவும் சொந்த வூடுதான்."

பெருமையோடுதான் சொன்னார். தாம் சொன்ன இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை அவர் கவனிக்கவில்லை. உள்ளே கலைவாணி அளந்துகொண்டே இருந்தாள்.

மூலப் பத்திரத்தில் வீட்டை விற்றவர் இவர்களுக்கு எந்த உறவும் இல்லாத ஒரு வெளியாள். பீட்டர் பிறந்தபோதே வீடு சொந்தமாக இருந்ததென்றால், அந்த வெளியாளிடமிருந்து அதை வாங்கியவர் பீட்டராக இருக்க முடியாது. நான் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் இரண்டு தரணேந்திரன்கள் உண்டு. ஒருவர் என் தாத்தா, இன்னொருவன் என் தம்பி. பேரனுக்குத் தாத்தாவின் பெயர். இந்தக் குடும்பத்திலும் அப்படி இருந்தால்? சூசையின் மகன் இராயப்பன்; அந்த இராயப்பனின் மகனுக்குத் தாத்தாவின் பெயர், ஜோசப்; ஜோசப்பின் மகனுக்கு அவனுடைய தாத்தாவின் பெயர், பீட்டர். அப்படியானால் 'சூசை மகன் இராயப்பன்' தாத்தா. 'ஜோசப் மகன் பீட்டர்' பேரன். 'என்கிற' என்ற சொல் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கியிருந்தது.

பெயர் ஒன்றுதானா என்று எல்லாரும் கேட்டிருந்தோம். பங்குத் தந்தையும் அதற்குத்தான் பதில் எழுதியிருந்தார். ஆள் ஒருவர்தானா என்று யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

தெருவுக்கு வந்து வழக்கறிஞருக்குத் தொலைபேசினேன். அவர் சிரித்தார். "மேடம், மகன் பேரும் பொருந்துது, அப்பா பேரும் பொருந்துது. இதுக்கு மேல என்னதான் பொருந்தணும்ங்கிறீங்க?"

"அதுதான் சார் பயமா இருக்கு. ரொம்பப் பொருந்துது" என்றேன்.

கிளை மேலாளர் என்னைவிட வயதில் மிக இளையவர். என்மேல் மரியாதை உள்ளவர். மாதக் கடைசி, இலக்கு எட்டவில்லை. "மேடம், வக்கீல் ஒபினியன் பைல்ல இருக்கு. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா கேள்வி அவருக்குத்தான் வரும், உங்களுக்கு வராது. ரிட்டயர் ஆகற நேரத்துல எதுக்கு இந்த பேஜாரு?"

அவர் சொன்னது முழுவதும் உண்மை. என்னிடம் கேள்வி வராது. நண்பர்களே, உங்களுடைய பணிக்காலத்திலும் இப்படியொரு மாலைப் பொழுது வரும். கோப்பில் எல்லாம் சரியாக இருக்கும். உங்களிடம் இருப்பதோ தண்ணீர் குடிக்கும்போது காதில் விழுந்த ஒரு பேச்சு மட்டும். என் சந்தேகம் தவறாக இருந்தால், நான் நிறுத்திவைத்த நாள்களில் கெடு முடிந்து, அந்தப் பெண்ணின் நகைகள் முழுவதும் என்னால் போகும். சரியாக இருந்து நான் வாய் திறக்காவிட்டால், அவள் ஆயுள் முழுவதும் தவணை கட்டப்போகும் வீட்டுக்குள் ஒருநாள் வேறொருவர் உரிமையோடு வந்து நிற்பார். இரண்டில் எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாதபோது என்ன செய்வது என்பதுதான் நம் தொழில். தெரிந்த பிறகு செய்வதை யாரும் செய்யலாம். தவறினால் எதைத் திருத்த முடியும், எதைத் திருத்தவே முடியாது என்று மட்டும் யோசித்தேன். கெடுவை நீட்டித்துத் தரும்படி ஒரு மனிதரிடம் கெஞ்சலாம். பதிவான பத்திரத்திடம் கெஞ்ச முடியாது.

அன்றே அவர்கள் இருவரையும் கிளைக்கு வரச்சொல்லி, வெள்ளிக்கிழமை பணம் கிடைக்காது என்று சொன்னேன்.

முருகவேல் எழுந்து நின்றுவிட்டான். "இத்தினி நாளா இன்னா மேடம் பண்ணிக்கினு இருந்தீங்க? கடைசி நாள்லதான் உங்களுக்கு சந்தேகம் வருமா?"

நியாயமான கேள்வி.

"எதிர் ரோட்டுல ஃபைனான்ஸ் கம்பெனி கீது. போன் பண்ணிட்டேன். 'என்கிற' போட்டிருந்தா போதும் சார், சனிக்கிழமையே ரெடி பண்ணிடறோம்ங்கறான். வட்டி கொஞ்சம் கூட. போனா போவுது."

நாம் மறுத்தால் வங்கி தப்பித்துக்கொள்ளும். வாடிக்கையாளர் தப்ப மாட்டார், அடுத்த கதவைத் தட்டுவார். ஆகவே மறுப்பதோடு நம் வேலை முடிவதில்லை. "கொடுப்பாங்க முருகவேல்" என்றேன். "அவங்களுக்கு உங்க சம்பளம் போதும். ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. நாளைக்கு வீட்டில் பாதி உங்களுது இல்லைன்னு ஆனாலும், தவணையில் பாதி குறையாது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கலைவாணி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரைக் கேட்டா மேடம் உண்மை தெரியும்?" என்றாள்.

ஆரோக்கியராஜைத் தொலைபேசியில் அழைத்து, அவருடைய தந்தைக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டேன். "ஒரு அக்கா கீது. மரியபுஷ்பம். விழுப்புரத்துல. எங்களுக்குள்ள பேச்சுவார்த்த இல்லீங்க. அதுங்கிட்ட எதுக்குப் போறீங்க?" என்றார். ஆனாலும் விலாசம் தந்தார். மறைக்க ஏதாவது இருந்திருந்தால் தந்திருக்க மாட்டார் என்று அப்போதே தோன்றியது. அவர் ஏமாற்றவில்லை; நம்பிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பதிவில்லாமலே கழிந்தது. வங்கிக்கு விடுமுறையான மறுநாள் சனிக்கிழமை, கலைவாணியும் நானும் விழுப்புரம் பேருந்தில் ஏறினோம். வழி முழுவதும் அவள் கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள். முருகவேல் அழைத்துக்கொண்டே இருந்தான். மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்த நிதி நிறுவனமும் திங்களுக்குத் தள்ளிவிடுமாம். ஒவ்வொரு முறையும் "போய்க்கினே கீறோம், போய்க்கினே கீறோம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

மரியபுஷ்பம் அம்மாள் பெண்கள் விடுதி ஒன்றில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார். முறத்தில் மல்லாட்டையைக் கொட்டிக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர், எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆரோக்கியம் அனுப்பினானா? எதுக்கு, நான் உயிரோட கீறனான்னு பாத்துக்கினு வரச் சொன்னானா?"

ஒரு செய்தியை உறுதிப்படுத்தப் போகும்போது, பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். 'பீட்டருக்கு இராயப்பன் என்றும் பெயர் உண்டா' என்று கேட்டால் அவர் ஆமாம் என்று சொல்லியிருப்பார். நாங்களும் மகிழ்ச்சியோடு திரும்பியிருப்போம். நான் இப்படித்தான் கேட்டேன்: "உங்க பிறந்த வீட்டை வாங்கினது யாருங்கம்மா?"

"ராயப்பன்."

கலைவாணி மூச்சை விட்டாள்.

"எந்த ராயப்பன்மா?"

"எந்த ராயப்பனா? இன்னா கேள்வி இது? எங்க தாத்தாதான். அவர் பேரத்தான் எங்க தம்பிக்கு வெச்சாங்க. இஸ்கூல்ல பீட்டர்னு எழுதிக்கினாங்க, வூட்டுல ராயப்பாதான். தாத்தா அந்த வூட்ட வாங்கறப்ப நானே பொறக்கல, அவன் எங்கேந்து பொறப்பான்?" இன்னொரு காயை நசுக்கி உடைத்தார். "ஏன், இப்ப அந்த வூட்டுக்கு இன்னா?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் கலைவாணியே சொல்லிவிட்டாள். தான் அதை வாங்கப் போவதை, நகைகளை, நாளையோடு முடியும் கெடுவை. பிறகு, நான் கேட்கத் தயங்கியதையும் நேராகக் கேட்டாள்: "தெரியாம நாங்க வாங்கியிருந்தா, கேஸ் போட்டிருப்பீங்களா அம்மா?"

அவர் கை நின்றது. கலைவாணியை நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டிருப்பேன். நீ பால் காய்ச்சின மறாநாளே போட்டிருப்பேன். உம்மேல இன்னா கண்ணு எனக்குக் கோவம்? அவன் மேல. எங்க தம்பி செத்துட்டான்னு சேதி வந்து பஸ்ஸு புடிச்சு ஓடுறேன். திண்டிவனம் போய் எறங்கறதுக்குள்ள பொதைச்சுட்டான். மூஞ்சியக்கூட பாக்கல. அக்கா வருதுன்னு ஒரு அர மணி நேரம் வெக்கக்கூடாதா அவன்?"

ஒரு காயை எடுத்து உடைத்துவிட்டு அவரே தொடர்ந்தார். "கையெழுத்து போடறேன். ஆனா தாத்தா சொத்துல எனக்கு இன்னா பங்கோ, அது எனக்கு வரணும். தர்மத்துக்கெல்லாம் போட மாட்டேன், சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது கலைவாணி முருகவேலை அழைத்து, "அந்த ஃபைனான்ஸ்காரன வேணாம்னு சொல்லிடு" என்றாள். மறுமுனையில் அவன் கத்துவது எனக்கும் கேட்டது. அவள் திரும்பவும் அதையே சொன்னாள். பிறகு கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

ஞாயிறு கழிந்தது, கெடுவும் கழிந்தது. திங்கட்கிழமை ஆரோக்கியராஜ் கிளைக்கு வந்தார். ஒப்பந்தப்படி முன்பணம் இனி அவருடையது. கொடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னால், திரும்ப வாங்குவதற்கு வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டும். அதை அவரும் அறிவார், நானும் அறிவேன். அத்தை சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கப்பா சம்பாரிச்ச வூடுன்னு இத்தினி வருசமா சொல்லிக்கினு இருந்தேன் மேடம். என் பசங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீங்க சொல்றதப் பாத்தா, எங்கப்பா என்கிட்ட பொய் சொல்லிட்டாருன்னு ஆவுது."

வீட்டில் பாதி அவர் கையைவிட்டுப் போகிறது என்பதைத்தான் நான் கணக்கில் வைத்திருந்தேன். தந்தையைப் பற்றிய ஒரு பெருமையும் சேர்ந்து போகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்பா என்னன்னு சொல்வார்?" என்று கேட்டேன்.

"இது ராயப்பன் வாங்கின வூடுடா, வித்துராதன்னு சொல்வாரு."

"அவர் பொய் சொல்லலைங்க. அவர் தன் தாத்தாவைச் சொன்னார். நீங்க அப்பாவைன்னு எடுத்துக்கிட்டீங்க."

அத்தையின் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை ஒழுங்காக யாருக்கும் விற்க முடியாது என்பதையும் சொன்னேன். மிரட்டலாகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமலும் விடவில்லை. ஒரு வாக்குறுதியும் தராமல் எழுந்து போனார்.

அடுத்து வந்த நாள்களைப் போன்ற நாள்கள் உங்களுக்கு வரக்கூடாது. கலைவாணி வேலைக்குப் போகும் வழியில் தினமும் கிளைக்குள் வருவாள். எதுவும் கேட்க மாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள்; இன்னும் இல்லை என்று நான் தலையசைப்பேன்; போய்விடுவாள். ஏசியிருந்தாலாவது என் மனம் சற்று ஆறியிருக்கும். நான் சரியாகத்தான் செய்தேன் என்ற அறிவு அந்த நாள்களில் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. சரியான முடிவு எடுத்தால் மனம் அமைதியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு ஒரு காலையில் ஆரோக்கியராஜ் வந்து என் எதிரே அமர்ந்தார். "கல்லறைக்குப் போயிருந்தேன் மேடம். வருசா வருசம் ரெண்டு பேருக்கும் மெழுகுவத்தி ஏத்துறவன்தான். பூட்டன் கல்லுல ராயப்பன், அப்பா கல்லுல பீட்டர். ரெண்டு கல்லையும் சுண்ணாம்பு அடிச்சதே நான்தான். நானே ரெண்டு பேரும் ஒத்த ஆளுன்னு கையெழுத்து போட்டுட்டு வந்திருக்கேன் பாருங்க" என்றார். கெடுவை நீட்டித்து எழுதித் தருவதாகச் சொன்னார். உரிமையில் குறை இருந்தால் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற வரியையும் இம்முறை சேர்க்கச் சொன்னேன். அதற்கும் சம்மதித்தார்.

மூன்று தலைமுறைக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க அவர்கள் அலைந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. அதை நீங்கள் நாள்தோறும் பார்ப்பீர்கள். எல்லாம் கைக்கு வந்தபோது ஆடி மாதம் பிறக்கச் சில நாள்களே இருந்தன. ஆடியில் பத்திரம் பதிய கலைவாணியின் வீட்டாரும் முருகவேலின் வீட்டாரும் சம்மதிக்க மாட்டார்கள். நீட்டித்த கெடுவோ ஆடியைத் தாண்டாது. பதிவுக்குக் கிடைத்த ஒரு நாளை விட்டால் வேறு நாளில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரைவோலைகளோடு நானும் போனேன். மரியபுஷ்பம் அம்மாள் பெஞ்சின் ஒரு முனையில். ஆரோக்கியராஜ் எதிர்ச் சுவரோரம் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வரிசை வந்ததும் அத்தையைத்தான் முதலில் அழைத்தார்கள். கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"தொடச்சுட்டு வைங்க பாட்டி."

மறுபடியும் சிவப்பு. வேறு விரல், அடுத்த கை, எல்லாம் சிவப்பு. பாத்திரம் தேய்த்தும் அடுப்பில் வெந்தும் அந்த விரல்களில் ரேகை என்று எதுவும் மிஞ்சவில்லை. கணினிக்கு முன் இருந்த இளைஞர் சலித்துக்கொண்டார். "ரேகையே விழலியே. வேற ஒரு நாளு வாங்க, பாக்கலாம். பின்னால ஆளுங்க நிக்குறாங்க."

முருகவேல் தலையில் கைவைத்தான். கலைவாணி அசையவே இல்லை. நான் மேசையருகே போய் ஏதோ கெஞ்சத் தொடங்கினேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

சுவரோரம் நின்ற ஆரோக்கியராஜ் வந்தார். அத்தையின் கையை எடுத்தார். தம் உள்ளங்கைகளுக்கு நடுவே அந்தக் கட்டைவிரலை வைத்து, குளிரில் விறைத்த குழந்தையின் கையைத் தேய்ப்பதுபோல் தேய்த்தார். வாயருகே கொண்டுபோய் ஊதினார். சட்டையில் ஒற்றினார்.

"அவசரப்படாத அத்த. மெதுவா வை. நான் அழுத்திக்கிறேன்."

தம் விரலை அத்தையின் விரல்மேல் வைத்து மெல்ல அழுத்தினார். அந்த அம்மாள் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. தம்பி மகனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை எரிந்தது.

"சரி, நகருங்க" என்றார் அந்த இளைஞர், திரையிலிருந்து தலை நிமிராமலே. "வாங்கறவங்க வாங்க."

கலைவாணி முன்னால் வந்து கையை நீட்டினாள். நான் பையிலிருந்து வரைவோலைகளை வெளியே எடுத்தேன்.